ஒரு டம்ளர் வலி

மே 4

திண்டுக்கல். அக்கா வீடு, முதல் மாடி. இரண்டு அறை, ஒரு பால்கனி, பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி.

அக்கா கதவைத் திறந்ததும் என் பையைத்தான் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். புத்தகப் பெட்டி பாண்டிச்சேரியில் நண்பன் அறையில் கிடக்கிறது. சொல்லவில்லை.

ஆதிரை பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். மூன்றரை வயது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு நிற்கத் தெரியாது.

"மாமாடி. சோலை மாமா. வெளிய வா."

வரவில்லை. நான் மேசையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்தேன். இடுக்கிலிருந்து குரல் வந்தது.

"அதுக்கு வலிக்குமா?"

யோசித்தேன். முதுகலை தத்துவம் படித்தவன்.

"தெரியல" என்றேன்.

ஒரு காலை மட்டும் வெளியே வைத்தாள்.

மே 5

காலையில் அக்கா தலை பின்னிக்கொண்டே விவரம் சொன்னாள்.

"ஜூன் எட்டு, ஞாயித்துக்கெழம, அய்யனார் கோயில்ல காதுகுத்து. மாமன் மடியிலதான் உக்காத்தணும். ரெண்டு வருசமா உனக்காகத்தான் தள்ளிட்டே வர்றோம்."

"அவ என்கிட்ட வரவே மாட்டேங்குறா."

"அதுக்குத்தான் முன்னாடியே வரச்சொன்னது. பள்ளிக்கூடமும் லீவு. உங்க மச்சான் சனிக்கெழமதான் வீட்டுக்கு வர்றாரு. பாத்துக்க ஆள் வேணும்ல."

மச்சான் உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகச் சுற்றும் வேலை. அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள்.

மூன்று மாதத்துக்கு முன் ஆதிரைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து யாரையும் நம்புவதில்லையாம். நகம் வெட்ட விடுவதில்லை. தலை சீவ விடுவதில்லை. எதைப் பார்த்தாலும் வலிக்குமா என்று கேட்கிறாள். வலிக்காது என்று யாராவது சொன்னால் ஓடிவிடுகிறாள்.

"ஊசி போட்டப்ப நீ என்ன சொன்ன?"

"எல்லாரும் சொல்றதுதான். வலிக்காதுன்னு சொன்னேன். வர்றவங்க அத்தன பேர்கிட்டயும் அதைத்தான சொல்றேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு."

"எறும்பு கடிச்சா வலிக்கும்க்கா."

"டேய், வந்த மறுநாளே ஆரம்பிக்காத."

அவள் போன பிறகு யோசித்தேன். குழந்தை தானாக வந்து உட்கார வேண்டும். நாலு பேர் பிடித்து உட்கார வைத்தால் அது மடி இல்லை. நாற்காலி. அக்காவுக்கு நேரத்துக்கு முடிந்தால் போதும். எனக்குப் போதாது. ஏன் என்று தெரியவில்லை.

மே 7

தண்ணீர்.

பால்கனியில் ஒரு சொம்பையும் டம்ளரையும் வைத்துவிட்டு நான் தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். படிப்பது போல இருந்தேன். அவள் வந்தாள். சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றினாள். பாதி தரையில். மறுபடி ஊற்றினாள். மறுபடி பாதி தரையில்.

எழுந்து பிடித்துக் காட்டக் கை துடித்தது. கையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து டம்ளர் விளிம்பு வரை நிறைந்து நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. டம்ளரை மட்டும் பார்த்தாள். அந்த முகத்தை நான் நூலகங்களில் பார்த்திருக்கிறேன், நல்ல நாட்களில்.

மீந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு.

மே 9

இரண்டு சட்டைகளை மடித்தாள். மூன்றாவது சட்டைக்குள் புகுந்துகொண்டு வரமாட்டேன் என்றாள்.

மே 12

ஒரு விதி. அவள் கேட்பதற்கு உள்ளதை மட்டும் சொல்வது. தெரியாவிட்டால் தெரியாது என்பது.

குக்கர்? "சுடும்." தண்ணி? "சுடாது." சுவர்? "மெதுவா தொட்டா வலிக்காது. மோதினா வலிக்கும்." கதவுக்கு வலிக்குமா? "தெரியல." பல்லிக்கு? "வலிக்கும்னு நெனக்கிறேன்."

இன்று நகவெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் நகத்தை வெட்டினேன். பக்கத்தில் வந்தாள்.

"வலிக்குதா?"

"வெள்ளையா இருக்குற எடத்துல வெட்டுனா வலிக்காது. செவப்பா இருக்குற எடம் பட்டா வலிக்கும்."

"செவப்பு பட்ருமா?"

"நீ ஆட்டாம இருந்தா படாது. ஆட்டுனா பட்டாலும் படும்."

நீளமாக மூச்சு விட்டாள். சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள். ஆட்டவில்லை. பிறகு மற்றவை. பத்தாவது விரல் வரும்போது என் முழங்காலில் சாய்ந்திருந்தாள். அவளுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

மே 15

இன்று அவளே கண்டுபிடித்தது. வாசல்படியில் கால் இடறி உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எவ்ளோ?"

அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். எழுந்துபோய் டம்ளரை எடுத்துவந்தாள். கால்வாசிக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள்.

"இவ்ளோ."

"தடுப்பூசி?"

சொம்பைக் காட்டினாள். ததும்பத் ததும்ப.

"குடம்?" என்றேன். சமையலறை மூலையில் குடிதண்ணீர்க் குடம் இருக்கிறது. அவளால் நகர்த்தக்கூட முடியாது.

"அது யாருக்கும் இல்ல" என்றாள்.

எனவே அளவுகள் தயார். டம்ளர், சொம்பு, குடம். நான் படித்த யாரும் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

மே 18

மச்சானுடைய அக்கா செல்லத்தாயி வந்திருந்தார். அடுத்த தெரு. ஆதிரைக்கு அத்தை. பால்கனியில் நாங்கள் இருவரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, எம்.ஏ. படிச்சிட்டு டம்ளர்ல தண்ணி ஊத்தக் கத்துக்கிறீகளா?"

"ஆமாங்க. அவ சொல்லித் தர்றா."

"நல்லா வருமா?"

"கொஞ்சம் சிந்துது."

சிரித்துவிட்டார். போகும்போது ஆதிரையின் காதைத் தொட்டு, "தோடு போட்டா எங்க ராசாத்தி எப்பிடி இருப்பா. வலிக்கவே வலிக்காது, என்ன?" என்றார். ஆதிரை என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பிரிட்ஜ் இடுக்கை விட்டுவிட்டு என் முதுகு. அத்தைக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மே 21

பீரோவைத் திறந்துகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அந்த எண். பெயரை அழித்துவிட்டேன், எண்ணை அழிக்க முடியவில்லை. கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

பீரோக் கதவு கட்டைவிரல் மேல் சாத்திக்கொண்டது. நகத்தடியில் ரத்தம்.

கைப்பேசி அடித்து ஓய்ந்தது. ஆதிரை நின்றுகொண்டிருந்தாள்.

"வலிக்குதா மாமா?"

"இல்லையே" என்றேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம். பிறகு போய்விட்டாள். இந்த ஒரு வாரமாகச் சாயங்காலம் என்னிடம் தலை சீவ வருவாள். இன்று வரவில்லை.

மே 22

காலை. தோசை சுட்டு முடித்து அடுப்பை அணைத்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள்.

"கல்லு சுடும். தொடாத" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தொட்டாள்.

ஆள்காட்டி விரலின் நுனி. குழாயைத் திறந்து நெடுநேரம் பிடித்திருந்தேன். கொப்புளம் இல்லை, சிவப்பு மட்டும். அவள் அழுதாள். ஆனால் அவள் கண்ணில் இருந்தது அழுகை மட்டும் இல்லை. சரிபார்த்த முகம்.

ஒரு தரம் பொய் சொன்னவன் சொல்வதை ஒவ்வொரு தரமும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அவள் செய்தது சரி. தவறு என் பக்கம். அதற்கான விலை அவள் விரலில்.

அக்காவிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன், அந்த எண்ணைத் தவிர.

"நீ வேற ஏன்டா. பிள்ளைககிட்ட வலிக்கலன்னு சொல்றதுதான. எல்லாருஞ் சொல்றதுதான" என்றாள். விரலில் மருந்து தடவிக்கொண்டே. பிறகு, மருந்து மூடியைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உனக்கும் சரியாயிரும்டா" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

மே 23

காலையில் அவள் எழுந்ததும் எதிரில் உட்கார்ந்தேன். கட்டைவிரலைக் காட்டினேன். நகம் நீலமாகிவிட்டது.

"அன்னிக்கு வலிச்சுச்சு. வலிக்கலன்னு சொன்னேன். அது பொய்."

"எவ்ளோ?"

"ஒரு டம்ளர். நெறையா."

"இப்ப?"

"அரை டம்ளர்."

விரலை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஊதினாள். எச்சில் தெறித்தது.

"ஏன் பொய் சொன்ன?"

"தெரியல. பெரியவங்க வாய்ல அது தானா வந்துருது."

"சரி" என்றாள். ஆனால் மடிக்கு வரவில்லை. இன்று முழுக்க நான் சொன்னதையெல்லாம் பாதி தூரத்தில் நின்று கேட்டாள்.

மே 24

சுடாது என்று சொன்ன பாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

மே 25

பூண்டு உரித்தோம். அவள் உரித்தது ஆறு பல். மச்சான் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் அந்த ஆறு பல்லையும் தேடி எடுத்து, இதுவா பாப்பா, இதுவா என்று காட்டிக் காட்டிச் சாப்பிட்டார். ஒன்று நான் உரித்தது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அது மாமாது."

மே 27

சுடாது என்று சொன்ன பாலைத் தொடாமல் குடித்தாள்.

பிறகு, வாயில் பால் மீசையோடு, கேட்டாள்.

"காது குத்துனா வலிக்குமா?"

நானாக ஆரம்பிக்கக் கூடாது என்று இருந்தேன். அவளே வந்துவிட்டாள்.

"வலிக்கும்."

"எவ்ளோ?"

எனக்கும் சின்ன வயதில் குத்தியிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போனபோது கழற்றினேன், துளை தூர்ந்துவிட்டது. ஆனால் வலி ஞாபகம் இல்லை. மாமா மடியின் வியர்வை நாற்றம் மட்டும் இருக்கிறது.

"தெரியல" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்வி.

மே 30

ஆசாரி கடை. பெரிய நகைக்கடைகளுக்குப் பின்னால் சின்னச் சந்து. ஜூன் எட்டுக்கு வரப்போகிறவர் இவர்தான். ஆதிரையைக் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் நிற்கட்டும் என்று நினைத்தேன். என் முட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாப்பாவுக்கு இன்னிக்கேவா? எட்டாந்தேதி கோயில்லன்னாங்களே."

"அவளுக்கு இல்லைங்க. எனக்கு."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இடது காது மட்டும். எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சுக்கணும். அவ கேட்டா சொல்லணும்."

"மாமனுக்கு மடிதான தம்பி வேல. காது எதுக்கு?"

"மடிக்குக் காது வேணும்ங்க."

சிரித்துக்கொண்டே கம்பியை எடுத்தார். நான் பொதுவாக ஊசியைப் பார்ப்பதில்லை. ரத்தம் எடுக்கும்போது சுவர்க் காலண்டரைப் படிப்பவன். இங்கே காலண்டர் இல்லை. ஆதிரை இருந்தாள். அவளைப் பார்த்தேன்.

குத்தினார்.

"அம்மா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சந்தில் போன ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ?" என்றாள் ஆதிரை. கண் விரிந்திருந்தது.

அவசரப்படவில்லை. கவனித்தேன். குத்தும்போது ஒன்று. அது சட்டென்று போய்விட்டது. பிறகு காது முழுக்கச் சூடு.

"டம்ளர்" என்றேன். "குத்துறப்ப முழு டம்ளர். அப்பறம் பாதி. அப்பறம் காது சூடா இருக்கும்."

"அழுதியா?"

"கண்ணுல தண்ணி வந்துச்சு."

திரும்பி வரும்போது என் கையை அவளாகப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா வேலை முடிந்து வந்து என் காதைப் பார்த்தாள்.

"கிறுக்காடா உனக்கு?"

"வலிச்சுச்சுக்கா. நீங்க எல்லாரும் பொய் சொல்லிட்டிருக்கீங்க."

மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுமுனையில் அவர் சிரித்தது பால்கனி வரை கேட்டது.

ஜூன் 3

அக்கா சாப்பிடும்போது சொன்னாள்.

"உன் பேச்சக் கேட்டு இன்னிக்கு ஒருத்தர்கிட்ட, லேசா வலிக்கும் சார்னு சொல்லிப் பாத்தேன்."

"என்ன ஆச்சு?"

"எந்திரிச்சுப் போயிட்டாரு."

ஆதிரைதான் அதிகம் சிரித்தாள். புரிந்து சிரித்தாளா தெரியவில்லை.

ஜூன் 6

மத்தியானம். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கைப்பேசியில், அந்த எண்ணுக்குரியவளோடு எடுத்த ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா."

திருப்பி வைத்தேன்.

"போன் பாத்தா உனக்கு வலிக்குதா?"

இல்லையே என்பது நாக்கு நுனி வரை வந்தது. நீல நகத்தைப் பார்த்தேன். அது இன்னும் விழவில்லை.

"ம்."

"எவ்ளோ?"

ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொன்னேன். இங்கே எழுத வேண்டியதில்லை. அவள் தலையைத் திருப்பிச் சமையலறை மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஊதவில்லை. எங்கே ஊதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படியே தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போகும்வரை அசையவில்லை.

ஜூன் 8

காலையில் வேன். அம்மா, அப்பா, மச்சான் வீட்டார். அய்யனார் கோயில் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், பொட்டுக்கடலை, வெல்லம், தோடு. பத்தரை வரை நல்ல நேரம். செல்லத்தாயி அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார்.

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஆதிரை புதுப் பாவாடையில் மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போ தங்கம். வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரி."

"ஒண்ணுமே தெரியாதுடி செல்லம்."

"சும்மா தொட்டுப் பாப்பாங்க, அவ்வளவுதான்."

நாலு பக்கத்திலிருந்தும். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆதிரை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள்.

"டம்ளரா?"

"டம்ளர்."

"ரெண்டு காதுக்கும்?"

"ரெண்டு டம்ளர்."

"என்ன டம்ளரு? காப்பி கேக்குதா பிள்ள?" என்றார் அத்தை.

ஆதிரை நடந்து வந்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தாள். யாரும் பிடிக்கவில்லை. வேறு எதுவும் நடக்காமல் போயிருந்தாலும் இன்றைக்கு இது போதும் என்றிருந்தது.

ஆசாரி முதல் காதைக் குத்தினார்.

அலறினாள். உடம்பே அலறியது. மூன்று பேர் அவள் கையையும் காலையும் பிடிக்கக் குனிந்தார்கள். "வேண்டாம், விடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. விட்டார்கள்.

அழுகைக்கு நடுவே அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பீரோ முன்னால் பார்த்தது.

"டம்ளர் இல்ல" என்றாள். "சொம்பு."

"சொம்பா?"

"சொம்பு."

"அப்ப நான் தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு டம்ளராத்தான் இருந்துச்சு. உன் காது எனக்குத் தெரியல."

விக்கினாள். "இதுவும் சொம்பா?" மறு காதைத் தொட்டாள்.

டம்ளர் என்று சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சுலபம்.

"சொம்பாத்தான் இருக்கும்" என்றேன்.

"நல்லாருக்கு. பத்து இருவத்தஞ்சு ஆச்சு, மாமனும் மருமகளும் பாத்திரக்கட வச்சிருக்காக" என்றார் அத்தை. யாரோ சிரித்தார்கள். மச்சான், "அக்கா, கொஞ்சம் இரு" என்றார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. கையை ஜமுக்காளத்தில் ஊன்றியிருந்தேன். தண்ணீர் சிந்தும்போது கையின் மேல் உட்கார்ந்த அதே நிலை. அவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். என் பக்கமும் வேண்டாம், அவர்கள் பக்கமும் வேண்டாம் என்பது போல நடுவில் அழுதாள். அழுகை மெல்ல மெல்லக் குறைந்தது. சொம்பு காலியாவது போல என்று எழுதலாம். அப்போது அப்படித் தோன்றவில்லை. அப்போது அவள் விக்கல்தான் கேட்டது.

பிறகு அவள் முகத்தை என் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். வைத்தவுடன் மறு காது வெளியே வந்தது. தெரிந்துதான் வைத்தாள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் குனிந்து கேட்டேன்.

"குத்தலாமா?"

"சீக்கிரம்" என்றாள் சட்டைக்குள்ளிருந்து.

ஜூன் 9

காது சிவந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தடவ விட்டாள். "எரியுமா?" "கொஞ்சம்." "சரி."

அக்கா கேட்டாள், எப்போது கிளம்புகிறாய் என்று. ஆதிரைக்கு அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. "பத்து நிமிசத்துல கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரலாம்" என்றேன். கேட்டதற்கான பதில் அது இல்லை. அக்கா இட்லிக்கு ஊறவைக்கப் போய்விட்டாள், வழக்கமாகப் போடுவதைவிட ஒரு படி அதிகம் அரிசி எடுத்து.

நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். புத்தகப் பெட்டியை லாரி பார்சலில் போடச் சொல்லி.

மத்தியானம் பால்கனி. தோடு இரண்டும் வெயிலில் மின்ன மின்ன ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா. உன் குடம் இருக்கா?"

"என்ன குடம்?"

"போன் குடம்."

"இருக்கு."

"நெறையாவா?"

உள்ளே பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். அவள் காத்திருந்தாள்.

"முக்கால்வாசி."

"மீதி எங்க?"

தெரியல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தொட்டியருகே போய் மொத்தத்தையும் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள், தினமும் ஊற்றுவது போல.

"இதுக்குத்தான ஊத்துறோம்" என்றாள்.

கொஞ்சம் சிந்தியது. துணியை எடுத்துவந்து அவளே துடைத்தாள்.